கச்சானுக்கும் ஒரு பங்கு

அறுபது கிலோமீற்றர் ஓடும் என்றான் கடைக்காரன்.
அவன் கணக்கில்
சாம்பல்தீவுப் பாலம் இல்லை.

பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு
படுத்தெழும்பிய ஆத்திரத்தில் வாங்கியது.
காலையில் நிலாவெளிக்குப் போகையில்
கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
ஹோட்டல் வாசலில் நாலு கட்டம் மிச்சம்.
எழுபது துவாய் மடித்துத் திரும்பினால்
அதே காற்று நெஞ்சில் வந்து நிற்கும்;
உப்புவெளிக்கு முன்னமே
கடைசிக் கட்டம் மினுங்கத் தொடங்கும்.

இரவில் குசினிப் பிளக்கில் செருகினால்
வீட்டுக்கார யோகமலர் அக்கா
செருப்புப் போடாமல் வந்து மீற்றரைப் பார்ப்பா.
"தொண்ணூறு யூனிற் தாண்டினா
முழு பில்லும் ஏறும், பிள்ளை."
சரி, மாதம் எழுநூறு தாறன் என்றேன்.
பெற்றோலென்றால்
அந்தக் காசு நாலு நாளுக்குக் காணாது.

பற்றறி மூன்று வருசத்தில் சாகும்.
இதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.
பால்மா ரின்னில் நாளுக்கு நூறு ரூபாய் போட்டேன்,
மறந்த நாட்கள் போக.
போன மாதம் ரின்னைக் கவிழ்த்து
அனோஜனுக்குக் கண்ணாடி எடுத்தேன்.
போட்டுக்கொண்டு வெளியே வந்தவன்
கடலைப் பார்க்கவில்லை,
வண்டியின் திரையைப் பார்த்தான்:
"அம்மா, ஒண்டுதான் கிடக்கு."

அன்றிரவு கடற்கரை வீதியின் நடுவே
ஒரு மான் படுத்திருந்தது.
என் வண்டிக்குச் சத்தமில்லை,
அதற்குச் சந்தேகமில்லை.
ஹோன் அடிக்கவும் கரண்ட் வேண்டும்.
இரண்டுபேரும் இறங்கி
மெல்ல உருட்டிக்கொண்டு
அதைச் சுற்றிப் போனோம்.