மட்டம்

இரண்டு நாள் மட்டம் போட்டேன்,
காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி.
காய்ச்சல் எனக்கில்லை.
களை வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய
முப்பத்தைந்து சிசி எஞ்சினுக்கு.
வாலாஜா காயலான் கடையில்
பதினோராவது இழுப்பில் இருமிக் காட்டியது.
ஆயிரத்து எண்ணூறு.

ஃபோர் ஸ்ட்ரோக்.
பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம்,
ஆயிலுக்குத் தனி வயிறு.
ஆனால் ஒரு பிடிவாதம்:
சாய்த்து உட்கார வைத்தால்
ஆயில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்,
உள்ளே இரும்பை இரும்பு தின்னும்.

சைக்கிளிலோ
மட்டமாக ஒரு குழாய் இல்லை.
மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டுத் தரையும்
ஜலதாரைப் பக்கம் சரிவு.
எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து
முதலில் சக்கரத்துக்கு அட்டை கொடுத்தேன்,
பிறகு தகட்டுக்கு வாஷர்,
பிறகு இன்னொரு வாஷர்,
பிறகு ஒன்றை எடுத்தேன்.
நான்கு பக்கமும் விளிம்பைத்
தண்ணீர் ஒன்றுபோலத் தொட்டபோது
ராத்திரி இரண்டே கால்.

"பேசாம ஒரு வண்டியே தவணையில எடுத்திருக்கலாம்"
என்றார் முக்தார், பாயில் புரண்டபடி.
போன தவணைக்காரன்
வியாழன் தவறாமல் வருகிறான்.
நான் பதில் சொல்லவில்லை, வாயில் நட்டு இருந்தது.

யூ போல்ட்டை இறுக்கினால் குழாய் நசுங்கும்,
தளர்த்தினால் எஞ்சின் நழுவும்.
இடையில் வைக்க
கம்பெனிக் குப்பையில் பொறுக்கிய தோல்,
சாயம் ஏறாத நீலத்தில்,
மூன்று மில்லி.
ஐரோப்பாவில் யாரோ ஒருத்தியின்
குதிகாலுக்குப் போகாத துண்டு.

விடியற்காலை
மூன்று முறை மிதித்ததும் பிடித்துக்கொண்டது.
தெரு நாய்கள் எழுந்து வழிவிட்டன.
நாலு அடியில் ஒன்றில்தான் அதற்கு வேலை,
மற்ற மூன்றும்
அந்த ஒன்றின் வேகத்தில் ஓடிவிடுகின்றன.
எங்கள் வீட்டில் நாலு பேர்.

ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில்
கீழே மணல், மேலே மணல் லாரி.
நடுப்பாலத்தில் சத்தம் மாறியது.
குனிந்து பார்த்தால்
ஒரு நட்டு இல்லை,
எஞ்சின் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது.
உடனே அணைத்தேன்.
சோற்றுப் பையின் வாரைக் கழற்றி
இரண்டு சுற்று கட்டினேன்.
மீதித் தூரம் மிதிதான்.
ஓடாத எஞ்சின் ஆறு கிலோ,
அதில் ஒரு கிராமைக்கூட அது மறைக்கவில்லை.

ராணிப்பேட்டையில், கேட்டில்
ஏகாம்பரம் இரண்டு கட்டுச் சீட்டோடு நின்றார்.
சைக்கிளுக்குச் சும்மா,
டூவீலருக்கு நாளுக்கு மூன்று ரூபாய்.
எஞ்சினைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார்,
வேர்வையில் நனைந்த என் புர்காவைப் பார்த்தார்.
"இது எதுல சேத்தி?"

மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை.
பெடலைக் காட்டினேன்.
கிழித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வாங்க வேண்டும்:
லாக் நட்டு, நாலு.