மேட்டில் நிற்கும் மாடு

மூன்று நாளாகப் போனிலேயே வைத்தியம் பார்த்தேன்.
மந்தம் என்றாள் சந்தியாகம்மாள்,
மந்தம் என்றே நானும் எழுதினேன்:
பெருங்காயம், சீரகம், ஒரு பாட்டில் டானிக்.
நான்காம் நாள்,
"தேரி மேல ஏறி நிக்குது டாக்டர், இறங்க மாட்டேங்குது.
பேய்னு சொல்லி கோயில் தண்ணி தெளிச்சாச்சு."

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் வரை
கச்சான் காற்று கண்ணில் மணல் வைத்தது.

பையைத் திறக்கவில்லை.
கவிழ்ந்து கிடந்த மீன் கூடைமேல் உட்கார்ந்தேன்.
கால் மணி நேரம் சும்மா பார்ப்பதற்கு
பதிவேட்டில் கட்டம் கிடையாது.

செவலைப் பசு.
முன்னங்கால் மேட்டில், பின்னங்கால் பள்ளத்தில்.
அக்குளில் கட்டி வந்தவர் கையை அகட்டி வைப்பதுபோல்
முழங்கைகள் விலாவை விட்டு விலகியிருந்தன.
ஈ மொய்த்தும் வால் அசையவில்லை.
காது மட்டும்
ஒன்று என் பக்கம், ஒன்று கடல் பக்கம்.

பையன் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்தான்.
இரண்டு அடி. ஒரு முனகல்,
கதவுக்குப் பின்னால் யாரோ அழுகையை விழுங்கியதுபோல.
திரும்ப மேலே ஏறும்போது சத்தமில்லை.

அதற்குப் பெயர் பிடிவாதம் இல்லை.
இறங்கினால் உள்ளே ஒன்று நெஞ்சை நோக்கிக் குத்துகிறது.
ஏறி நின்றால் வயிறு பின்னுக்குச் சரிகிறது,
குத்து கொஞ்சம் தளர்கிறது.
மாடு கண்டுபிடித்து வைத்திருந்தது.
நான்தான் மூன்று நாள் பிந்தி.

திமிலுக்குப் பின்னால் கிள்ளினேன்.
முதுகைத் தாழ்த்தவில்லை; தாழ்த்தப் பயந்தது.

"வலை கிலை தின்னுச்சா?"
"நம்ம வீட்டுல வலையே கிடையாது.
முள்ளு மாட்டுற தொழில்தான்."
சொன்ன பிறகு
அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.
வேலியில் காய்கிறது தூண்டில் கயிறு,
உப்பும் மீன் வாடையும் ஊறியது,
முழத்துக்கு ஒரு முள்.
உப்புக்கு ஏங்கும் நாக்கு எதைப் பிரித்துப் பார்க்கும்?

விரல் நீளக் காந்தம் ஒன்றைத் தொண்டைக்குள் இறக்கினேன்.
ஊசி போட்டேன்.
உடைந்த வள்ளத்தின் பலகைகளை அடுக்கி
முன்னங்கால் அதன்மேல் நிற்கும்படி
பத்து நாள் கட்டச் சொன்னேன்.
சீட்டில் எழுதும்போது கூச்சமாக இருந்தது:
பாதி மாடு சொன்னது.

பிழைக்குமா என்று அவள் கேட்கவில்லை.
பையன் கிளாரன்ஸ்தான்,
அப்பாவின் வள்ளத்தில் திசைகாட்டி பார்த்தவன், கேட்டான்:
"இனிமே இது வடக்கு பாத்துத்தான் நிக்குமா?"

பன்னிரண்டாம் நாள் போனேன்.
பலகைமேல் ஒரு கோழி.
தேரிக்குக் கீழே, இறங்குகிற சரிவில்,
தெற்கு பார்த்து நின்று
கருவேலங்காய் மென்றுகொண்டிருந்தது.
வாலுக்கு ஓயாத வேலை.

கூடையைக் காணோம்.
மணலிலேயே உட்கார்ந்தேன்.