மூன்றாவது கட்டம்

ரிக் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்,
திருச்செங்கோடு, வேலூர் ரோடு,
டயர் கடைக்கு மேல்மாடி.
எங்கள் மூன்று வண்டியும் எப்போதும் வெளிமாநிலத்தில்
எவருடைய நிலத்தையாவது குடைந்துகொண்டிருக்கும்.
ராத்திரி டிரில்லர் போனில் சொல்லும் அடிக்கணக்கைக்
காலையில் பேரேட்டில் ஏற்றுவேன்:
ஐந்நூற்று நாற்பது, தண்ணி.
எண்ணூற்றுப் பத்து, ஈரம்.
ஆயிரத்து நூறு, புகை.

புகை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
கல்மாவு கிளம்பி ஆகாயத்துக்குப் போய்
நிலத்துக்காரர் தலையிலேயே இறங்கும்.

இந்த ஊருக்குப் படஅட்டை கிடையாது.
மூன்று கடையில் கேட்டுவிட்டேன்.
“கல்யாணப் பத்திரிகை வேணுங்களா?” என்றார்கள்.
கம்பெனி காலண்டரைக் கத்தரித்தேன்.
போன வருஷத்து மார்ச் மாதம்,
மாலை போட்ட கம்ப்ரஸர் லாரி,
டயருக்கடியில் எலுமிச்சம்பழம்.
பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிக் கோடு போட்டு
குலுக்கலில் விழுந்த விலாசத்துக்கு எழுதினேன்.
நெதர்லாந்து. யோஸ் என்று பேர். ஆணா பெண்ணா தெரியாது.
“எங்கள் பக்கம் தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே.
இது அதைத் தேடப் போகிற வண்டி.
எலுமிச்சம்பழம் வண்டிக்கு, ஜூஸுக்கு அல்ல.”

பதில் போட வேண்டுமென்ற கட்டாயம் இந்த ஆட்டத்தில் இல்லை.
ஆனாலும் வந்தது.
“என் வீடு கடல்மட்டத்துக்கு நாலு மீட்டர் கீழே.
ராவும் பகலும் மோட்டார் ஓடுகிறது, தண்ணீரை வெளியே தள்ள.
நின்றுபோனால் என் சமையலறையில் மீன்.”

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
அதையே நினைத்திருந்தேன்.
எனக்கு மோட்டார் என்றால் உறிஞ்சுவது.
தள்ளுவதற்கும் ஒரு மோட்டார் உண்டென்று
முப்பத்தாறு வயதில் தெரிகிறது.

சிலியிலிருந்து பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒருத்தி
மலைமேல் வலை கட்டிப்
பனிமூட்டத்தில் தண்ணீர் பிடிப்பதாக எழுதினாள்.
ஓரத்தில் வலையை வரைந்து
சொட்டுகளைக் குண்டு குண்டாகப் போட்டிருந்தாள்.
லீவில் வந்திருந்த டிரில்லர் பொன்னுரங்கத்திடம் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
“பாயிண்ட்டே பாக்க வேண்டியதில்லீங்களா அக்கா?”
அப்புறம், “நம்ம பொழப்புப் போயிருமுங்க.”
மனசில்லாமல்தான் திருப்பிக் கொடுத்தான்.

எல்லாரும் இப்படியில்லை.
ஒருத்தர் தன் பூனை பேரைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.
ஒருத்தி நான் என்ன ஜாதியென்று கேட்டாள்,
எதிலோ படித்தாளாம்.
நாலு நாள் யோசித்து
என் சம்பளத்தை எழுதி அனுப்பினேன்.

சித்திரை வெயிலில் தபால் கொடுக்கும் மோகனப்பிரியா
மாடியேறி வந்து நீட்டினாள்.
“இது உங்களுதுதானுங்களான்னு பாருங்க.”
அட்டை முழுக்க ஒரே நீலம்.
எங்கேயோ ஒரு பெட்டியில், ஒரு பையில்
மழை நன்றாக இறங்கியிருக்கிறது.
பேர் போச்சு, ஊர் போச்சு,
பதிய வேண்டிய எண் போச்சு.
ஸ்டாம்பு எங்கோ உரிந்து விழுந்துவிட்டது.
என் விலாசம் மட்டும் வேறு பேனாவில், பின்கோடு வரைக்கும்.

எண்ணைப் பதியாவிட்டால்
வந்து சேர்ந்தது அனுப்பியவருக்குத் தெரியாது.
தொலைந்ததென்று இருந்துவிடுவார்கள்.

அந்த வாரம் மூன்று வண்டிக்கும் புகை.
எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணி
நாலு நாளைக்கொருக்கா.
அட்டையை முகர்ந்தேன், பழைய நோட்டு வாசம்தான்.
பிசிறெழுந்து உப்பிப்போய்
ஸ்டேப்ளரை மேலே வைத்தாலும் வளைந்தே கிடந்தது.
கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி மட்டும் கரையவில்லை.

என்ன கேட்டிருப்பார்கள்?

பேரேட்டை இழுத்துத் தேதி போட்டேன்.
இடம்: தெரியவில்லை.
ஆழம்: தெரியவில்லை.
மூன்றாவது கட்டத்தில் ‘ஈரம்’ என்று எழுதும்போது
போன் அடித்தது, எலச்சிபாளையத்துப் பார்ட்டி.
கேசிங் பைப் அடி என்ன ரேட்டுங்க,
கொஞ்சம் கொறச்சுப் போடுங்க என்கிறார்.