சினை ஓரா

சீனப் புத்தாண்டுக்கு மூன்று நாள்.
புலாவ் டிக்குஸ் பாசாரில்
சினை ஓரா கிலோ எண்பது ரிங்கிட்.
நச்சுமுள்ளுக்குக் கையுறை மாட்டிய ஆ செங்
வயிற்றைக் கீறி, சினையை ஒதுக்கி,
குடலை வாளியில் எறிகிறார்.
அதைத்தான் கேட்கிறேன்.

“பூனைக்கா?”
ஆமாம் என்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் தராசு, தட்டு, விளக்கு.
சுருள் பிரித்தால் முழத்துக்கு மேல் போகும்,
புல் மேய்கிற எதற்கும் அப்படித்தான்.
உள்ளே பாசி,
அரைத்த கீரையின் நிறத்தில்.
நான்கு கிராம், ஆறு, ஐந்தரை.
இவ்வளவு, பவளத்தை மூடாமல் போனது
என்று எழுதிக்கொள்கிறேன்.

போன மாதம் பாயார் தீவில் இறங்கினேன்.
அங்கே வலை போடக்கூடாது.
முட்டையிட வெளியே போகும் மீனுக்கு
அந்த எல்லையை யார் சொல்வது?
ஐம்பது மீட்டர் கயிற்றின் நெடுக
ஓரா ஏழு. கிளிமீன் ஒன்றே ஒன்று.
மான்கொம்புப் பவளத்தின் மேல்
வாரம் முழுக்கச் சீவாத தலைபோல் பாசி.
கிளிமீன் கடித்தது.
நறுக்.
தண்ணீருக்குள் எனக்கே கேட்டது.
நகத்தளவு வெள்ளை தெரிந்தது.

மறுநாள் காலை
பையைக் கட்டியே வைத்திருக்கிறார் ஆ செங்.
“வீட்டில் எத்தனை பூனை?”

ஏழு, என்கிறேன்.