கொதித்த பின்னும்

கரையிலிருந்து பார்த்தால்
யாரோ சாயப் பட்டறைத் தொட்டியைக்
கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.
நடு வளைகுடாவில் படகை நிறுத்தி
ஒபாலா துடுப்பைத் தூக்கிக் காட்டினார்.
வழிந்தது நீரல்ல,
பச்சைக் கஞ்சி.
மேலே படாமலிருக்க
ரிஸ்பா கையுறை மாட்டிக்கொண்டாள்.
ஆய்வகம் தந்தது ஒரே ஜோடி.
ஒபாலா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அரை மீட்டர் ஆழத்தில் ஒரு புட்டி.
இரண்டு மீட்டரில் ஒன்று.
நேரம் குறிப்பது என் வேலை: ஏழு பத்து, ஏழு இருபது.
மூன்றாவது, கரையோரம்,
பெனினா குடம் முக்கும் இடத்தில்,
கணுக்கால் நீரில்.
திட்டத்தில் மூன்றாவது கிடையாது.
எழுதட்டுமா என்றேன்.
எழுது என்றாள்.

அயோடின் சொட்டு விட்டதும்
பச்சை, கடுந்தேநீர் நிறமானது.
உயிரோடிருந்தால் மிதந்து மேலேறிவிடும்;
எண்ணுவதற்கு
அது செத்து அடியில் படிய வேண்டும்.
நுண்ணோக்கியில் ஒவ்வொரு கூட்டமும்
தேனில் கொட்டிய கசகசா.
கட்டைவிரலால் எண்ணியைத் தட்டித் தட்டி
இருநூற்று ஏழுக்கு வந்தபோது
மின்சாரம் போனது.
குளிர்பெட்டி நின்ற பிறகுதான்
அது இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்தது தெரிந்தது.
மறுபடி ஒன்று.

இந்தக் கரையின் மொழியில்
ஏரிக்கு நாம் என்று பெயர்.
நாம் கலங்கிக் கிடக்கிறது என்கிறார்கள்.
நாம் நாறுகிறது என்கிறார்கள்.
என் தமிழ்க் காதில் வினைமுற்று இடிக்கிறது,
பொருள் இடிக்கவில்லை.
ஆலைக் கழிவு, மேட்டு வயல் உரம்,
நகரத்துச் சாக்கடை,
எல்லாம் யார் கொட்டியது என்று கேட்க வாயெடுத்து
எழுவாய் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

சோதனைப் பட்டை ஒன்றுதான் மிச்சம்.
மற்றவை மொம்பாசா சுங்கத்தில்
ஆறு வாரமாக
ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன.
மூன்று புட்டிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.
திட்டத்தில் இல்லாததைத் திறந்தாள்.
கோடு தெரிந்தால் நல்லது,
மங்கினால் விஷம்.
பத்து நிமிடம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்,
என்னையும் பார்க்கச் சொன்னாள்.
கோடு வரவேயில்லை.

பெனினாவின் அடுப்பில் பானை
தளதளத்துக்கொண்டிருந்தது.
பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம், எனக்கு ஐந்து
என்றாள் சிரித்து.
காலரா வந்த ஆண்டு ஒட்டிவிட்டுப் போன படம்
கதவில் இன்னும் இருக்கிறது:
பானை, தீ, வாயெல்லாம் பல்லாக ஒரு தாய்.
அதன்பின் ஒருநாளும்
கொதிக்காத நீர் இந்த வீட்டில் யார் தொண்டையிலும் இறங்கவில்லை.
விறகுக்கே வாரம் முந்நூறு ஷில்லிங்.

வரும் வழியெல்லாம் ரிஸ்பா
ஒத்திகை பார்த்தது சின்ன வாக்கியம்தான்.
கிருமி சாகும்.
இது சாகாது, சாவதற்கு இதற்கு உயிரில்லை.
பாசி வெடிக்க வெடிக்க உள்ளிருப்பது வெளியே வரும்,
நீர் சுண்டச் சுண்ட
மிச்சத்தில் கூடும்.
சொல்லி முடித்தாள்.

படத்தைப் பார்த்தாள் பெனினா.
பிறகு பானையை.
அப்போ எது?
ஆழ்துளைக் கிணறா,
அதைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல் பழுத்துப்போனது.
வண்டித் தண்ணீரா,
குடம் இருபது ஷில்லிங்,
வண்டிக்காரன் எங்கே முக்குகிறான் என்று உனக்குத் தெரியுமா?

ஒவ்வோர் ஆண்டறிக்கையின் கடைசிப் பத்தியிலும்
'மேலும் ஆய்வு தேவை' என்று
தட்டச்சு செய்தவள் ரிஸ்பாதான்.
இப்போது அது நாக்கில் வரவில்லை.
வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று
பழக்கத்தில் எழுந்தாள் பெனினா,
தேயிலை டப்பாவைத் திறந்தாள்,
கோப்பைக்கு நீண்ட கை
பாதியில் நின்றது.

மூவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அடுப்பில் இன்னும் பாதி விறகு இருந்தது.