அறுபத்தாறு விழுக்காடு

ஹம் நகரச் சந்தைக்கு
இருள் பிரியுமுன் புறப்பட்டோம்.
பின்னிருக்கையில் பதினொரு டப்பாக்கள்,
டப்பாவுக்கு ஒரு சோளப் பாம்பு,
பென்சில் தடிமன்.
ஹீட்டரைக் கூட்டச் சொல்லிக் கைகாட்டினான் துவாரகன்.
குளிர் அவனுக்கில்லை, அவற்றுக்கு.

தாயும் தகப்பனும் ஒரே நிறம்:
நனைந்த ஓட்டுச் சிவப்பு, கறுப்புக் கரை.
முட்டை பதினைந்து.
அறுபதாம் நாள் கிழித்துக்கொண்டு வந்தவற்றில்
நான்குக்குக் கறுப்பு என்றால் என்னவென்றே தெரியாது.
கண்கள் மாதுளை முத்து.
முதல் சட்டை கழற்றுமுன்பே நாலும் விலைபோயின.

மிச்சம் பதினொன்றும் பெற்றோர் மாதிரி.
அதுதான் சிக்கல்.

ஒவ்வொரு பாம்புக்கும் இரண்டு ஏடு,
தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று.
ஓர் ஏட்டுக்குக் கறுப்பு எழுதத் தெரிந்தால் போதும்,
தோல் முழுதும் எழுதிவிடும்.
மற்றது வெற்றேடாயிருந்தாலும்
வெளியே ஒருவருக்கும் தெரியாது.
வெற்றேடும் வெற்றேடும் சந்திக்கும்வரை.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
இந்தக் காலைப் பாம்பும் அறியாது.

"இது காவுதா?"
பீலஃபெல்டிலிருந்து வந்தவர், காதில் வெள்ளி வளையம்.
அறுபத்தாறு விழுக்காடு என்றேன்.
"அப்ப மூன்றில் இரண்டு பங்கு காவுதாக்கும்"
என்று சிரித்தார்.

இல்லை.
காவினால் முழுதாய்க் காவுகிறது.
காவாவிட்டால் துளியும் இல்லை.
முட்டைக்குள்ளேயே முடிந்துபோன காரியம் அது.
நாலு கட்டம் போட்டு
மாதுளைக் கண்ணின் கட்டத்தை வெட்டிவிட்டால்
மிச்சம் மூன்று, அதில் காவுவன இரண்டு.
அறுபத்தாறு பாம்பின் எண்ணல்ல,
எனக்குத் தெரியாததின் எண்.

இதே நாலு கட்டத்தை
முன்ஸ்டரில் ஒரு டாக்டர் வரைந்தார்,
பதினாறு வருடத்துக்கு முன், நீலப் பேனாவால்.
இருவரும் சொந்தமா என்று கேட்டார்.
மாமன் மகன் என்றேன்.
ஜெர்மனில் மாமன் மகனுக்குச் சொல் இருக்கிறது,
முறைக்கு இல்லை.
மடியிலிருந்த துவாரகன்
அவருடைய ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.
கதவு படாரென்று அடித்தது. திரும்பவில்லை.

சந்தையில் விலையை ஏற்றும் கணக்கு
அந்த அறையில் குரலை இறக்கியது.
கையில் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள்,
அட்டையில் மழை பெய்கிற ஜன்னல்.

கூர்ந்து கேட்பதைப் பாம்புச்செவி என்கிறோம்.
பாம்புக்கு வெளிச்செவி கிடையாது.
தாடையைத் தரையில் வைத்து
அதிர்வை எலும்பால் வாங்கும்.
துவாரகனும் சலவை இயந்திரத்தில் கன்னம் வைத்து,
பிழிந்து முடிந்தது, எடு என்று கைகாட்டுவான்,
மணி அடிப்பதற்கு ஒரு நொடி முந்தி.

ஆரணிக்குக் கேட்கும்.
மூன்றாம் மாடிக்காரர் மனைவியிடம் சொல்லும் பொய்வரை கேட்கும்.
பதின்மூன்று வயது. அன்று சந்தையில்
லேபிள்களை ஒவ்வொன்றாய்ப் படித்துவந்தவள்
பீலஃபெல்ட்காரருக்கு முன்னாலேயே கேட்டாள்:
"அம்மா, அப்ப நானும் அறுபத்தாறோ?"

காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறிற்று.
ஓம் என்றேன்.

டாக்டரின் குரல் எனக்கு வரவில்லை,
நல்லவேளை.
வேணுமெண்டால் பெரியவளானதும் ரத்தம் குடுத்துப் பார்க்கலாம்,
வேண்டாமெண்டால் விடலாம் என்றேன்.

யோசித்தாள். பிறகு
மிச்ச லேபிள் ஒன்றை உரித்து
ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு
அண்ணனிடம் திரும்பி விரல்களால் சொன்னாள்:
விலை போட மறந்திட்டா.

அவனுக்குச் சிரிப்பு வந்தால்
மேசையில் அறைவான்.
அறைந்தான்.
பதினொரு டப்பாவிலும் தலைகள் நிமிர்ந்தன.

ஏழு விற்றது. அந்த மனிதர் இரண்டு வாங்கினார்,
பேரம் பேசவில்லை.
சோஸ்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆலங்கட்டி,
காரின் கூரையில் ஆரணிக்கு ஓசை,
ஜன்னலில் கன்னம் வைத்திருந்தவனுக்கும் ஏதோ ஒன்று.
நாலு டப்பா திரும்பி வந்தன,
எதையோ காவியபடி,
அல்லது காவாமல்.