படம் நான்கு, மாற்று உரை

நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஸ்கேன் செய்தவர் அவசரக்காரர் போல.
பதினேழாம் பக்கம் தலைகீழ்,
முப்பதில் அவருடைய கட்டைவிரல்.
நமக்கு எழுத்து. கணினிக்கு வெறும் படம்.
திரைவாசிப்பான் இதைத் திறந்தால்
"காலிப் பக்கம்" என்று சொல்லும்,
நூற்றுப் பன்னிரண்டு முறை,
ஒரே குரலில், சலிக்காமல்.

அனுப்பியவர் ரதோவான் ஹ்லவாச்,
பிர்னோ டிராம் பணிமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர்,
பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.
அந்தக் காலத்து ரகசியப் போலீஸ்
அவரைப் பற்றிச் சேர்த்து வைத்த கோப்பு இது.
எழுதியவன் படித்தான், மேலதிகாரி படித்தார்,
காப்பகத்தில் யாரோ படித்துக் கருப்படித்தார்கள்,
இப்போது நான், நூலகத்தின் பின்னறையில், ஆறிய காபியோடு.
அவர் முறை கடைசியில்தான் வருகிறது.

மை தேய்ந்த இடமெல்லாம்
மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வாசிக்கிறது.
செக் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உதிர்ந்தால் போதும்,
'இருத்தல்' போய்க் 'குடியிருப்பு' ஆகிவிடும்.
தனியாக இருக்க விரும்பிய மனிதரை
வீடு கேட்டு அலைபவராக்கி வைத்திருந்தது.
உதிர்ந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தலையில் வைத்தேன்.
போலீஸ்காரனின் பிழைகளை மட்டும் தொடவில்லை.
அவை அவனுடைய கைரேகை.

அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆந்தை'.
சிரித்திருப்பார்கள்.

கருப்படித்த இடத்தில் என்ன எழுதுவது?
வெற்றிடம் விட்டால் குரல் தாண்டிப் போய்விடும்,
அங்கே ஒருவர் ஒளிந்திருப்பதே தெரியாது.
ஆகவே இப்படி:
மறைக்கப்பட்டது, ஒரு சொல், ஆந்தைக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.
மறைக்கப்பட்டது, ஒரு சொல், ஆந்தையுடன் வானொலி கேட்டார்.
மறைக்கப்பட்டது, ஒரு சொல், எந்த நிலையம் என்று தெரிவித்தார்.

புகைப்படங்கள் ஆறு.
"பார்ப்பதைச் சொல், நினைப்பதைச் சொல்லாதே"
என்பாள் இவோனா, எனக்கு அடுத்த மேசை.
படம் ஒன்று: கதவு.
படம் இரண்டு: அதே கதவு, திறந்திருக்கிறது.
படம் மூன்றில் நீங்கள், பின்னாலிருந்து, கோட்டுக் காலர் மடங்கியிருக்கிறது.

படம் நான்கு.
நீங்கள் தெருவைக் கடக்கிறீர்கள். வெள்ளைக் கோல்.
ஈரத் தண்டவாளம். டிராம் இல்லை.
முழங்கை பிடித்து ஒருவர் உடன் வருகிறார்,
தொப்பி, மெல்லிய மீசை, நீங்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறீர்கள்.
அவர் கேமராவை நேராகப் பார்க்கிறார்.

கடைசி வரியை அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
'தற்செயலாக' என்று ஒரு சொல் சேர்த்தேன்.
அது நான் நினைப்பது. அதை எடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.
கண்ணுள்ள எவனும் ஒரு நொடியில் அறிவதை
எழுபத்தொரு வயது மனிதரிடமிருந்து ஒளித்தால்
நானும் ஒரு பட்டை கருப்பு மை.
வரியை விட்டுவைத்தேன்.
வியாழன் மாலை அனுப்பினேன்.

திங்களன்று பதில் வந்தது.
நாற்பத்தொன்றாம் பக்க அட்டவணையில்
தேதியும் செலவும் இடம் மாறி ஒலிக்கிறதாம்,
கோப்பைப் பார்க்கச் செலவான பெட்ரோல் வேடிக்கையாக இருக்கிறதாம்.
பிறகு, தனி வரியில்:
"படம் நான்கு. அவர் பிடித்திருப்பது எந்தக் கை?"

பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது, என்று எழுதினேன்.

அரை மணி நேரம் கழித்து:
"நன்றி.
இடக்கையை ஒருவனுக்குத்தான் கொடுப்பேன்.
அட்டவணையை மறந்துவிடாதீர்கள்."

அட்டவணையைத் திருத்தினேன்.
பத்திகளுக்குத் தலைப்பு வைத்து,
வரிசை வரிசையாகக் குரல் போகும்படி.
அடுத்த கோப்பு சலவை இயந்திரக் கையேடு,
படம் ஒன்று: ஒரு கை, ஒரு திருகாணி,
எந்தப் பக்கம் திருப்புவதென்று அம்புக்குறி.
கை வலதா இடதா என்று
யாரும் கேட்கும் முன்பே எழுதி வைத்தேன்.